பஃப் வைத்தால் பொய், சவுரி வைத்தால் பண்பாடா?

கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம், தீபாவளி ஒன்றுகூடல் என்று டொராண்டோவில் எங்கே போனாலும் இரண்டு விஷயம் நிச்சயம் நடக்கும். ஒன்று, அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. இரண்டு, முன்தலை முடியைச் சீப்பால் எதிர்ப்பக்கம் சீவி உப்பலாக்கிக்கொண்டு வரும் பெண் யாராவது ஒருத்தியைப் பார்த்துப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "என்னடி இது, குருவிக்கூடு?" உடனே பக்கத்து நாற்காலி, "உள்ளே ஒண்ணும் இருக்காது, எல்லாம் ஷோ" என்று எடுத்துக் கொடுக்கும். அப்புறம் ஒரு சிரிப்பு.

முதலாவதைப் பற்றி எழுதிப் பிரயோஜனமில்லை. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் சூடாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் மீனாட்சிபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில், தமிழ்நாடு முடிந்து கேரளம் ஆரம்பிக்கிற இடம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் ஆற்றுத் தண்ணீர் முதல் பல விஷயத்தில் ஒத்துப்போகாது. ஆனால் பெண்ணின் தலைமுடி விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை! அந்தப் பக்கம் குளித்து ஈரம் காயாத முடியில் துளசிக்கதிர், இந்தப் பக்கம் இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. எந்தப் பக்கமானாலும் முடி இருந்தால் மகாலட்சுமி, இல்லாவிட்டால் "பாவம், நல்ல பொண்ணுதான்".

எங்கள் ஊர்ச் சோதனைச்சாவடியில் கேரளப் பால்வளத் துறைக்காரர்கள் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டிகளை நிறுத்திப் பாலைச் சோதிப்பார்கள். ஓணம் சமயத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். பெண் பார்க்க வருகிறவர்களும் ஒருவகையில் சோதனைச்சாவடிதான், கையில் லாக்டோமீட்டர் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். சடையைப் பிடித்து அடர்த்தி பார்ப்பார்கள். "சொந்த முடிதானே?" என்று கேட்டவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த பேக்கோம்பிங், நம் பேச்சில் 'பஃப் வைக்கிறது', ஏன் ஏமாற்று வேலையாகத் தெரிகிறது? அதே மண்டபத்தில் மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். சவுரி, அதன்மேல் பூச்சடை, நுனியில் குஞ்சலம், நடுவில் சடைநாகம். அத்தனைக்கும் அடியில் அவளுடைய சொந்த முடி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் லட்சணம், பாரம்பரியம். தன் தலையில் இருக்கிற முடியையே நாலு இழுப்பு இழுத்துத் தூக்கி நிறுத்தினால் அதற்குப் பெயர் பொய். இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பேரேட்டிலும் டேலி ஆகவில்லை.

சவுரி ஒன்றும் நேற்று வந்ததில்லை என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். சவரி, கவரி என்பது இமயமலைப் பக்கத்துச் சடையெருதின் பெயர் (நாம் அதை மான் ஆக்கிவிட்டோம், அது வேறு கதை). அதன் வால்முடியைச் சேர்த்துக் கட்டியதிலிருந்து வந்த சொல்தான் சவரி, சவுரி. மாட்டு வாலை வைத்தாவது கூந்தலைப் பெருசாகக் காட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர்! கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே ஒரு பெயர் சங்க இலக்கியத்தில் உண்டு. ஐந்து விதமாக ஒப்பனை செய்து முடிப்பது என்று பொருள் சொல்வார்கள். அதாவது அந்தக் காலத்திலேயே கூந்தல் என்பது வளர்வது மட்டுமில்லை, செய்வதும்கூட. குச்சிப்புடியில் சத்தியபாமாவின் சடைதான் சவாலே. திரைக்கு மேலே அந்தச் சடையை எடுத்துப் போடுவாள். அந்த வேஷத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள் ஆண்கள். வேதாந்தம் சத்தியநாராயண சர்மா அதில் பெயர் பெற்றவர். சடை யாருடையது என்று எவரும் எழுந்து கேட்டதாகத் தெரியவில்லை.

நக்கீரர் கதை நினைவிருக்கிறதா? 1965-ல் 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி.நாகராஜன், தானே நக்கீரராக வந்து நாகேஷை விரட்டுவாரே, அதே கதை. பாண்டியனுக்கு வந்த சந்தேகம் என்ன? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா இல்லையா என்பது. இல்லை, பூவும் பூசுகிற பொருளும் தருகிற மணம்தான் என்று நக்கீரர் அடித்துச் சொன்னார். சாமி நெற்றிக்கண்ணைத் திறந்தபிறகும் தேவியின் கூந்தலும் அப்படித்தான் என்று மாற்றாமல் நின்றார். அந்த மனுஷனைத்தான் நாம் நேர்மைக்கு உதாரணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் சொன்ன விஷயத்தை மட்டும் மறந்துவிட்டோம். :-)

எதிர்ச்சீவல் என்னவோ இன்ஸ்டாகிராம் பிள்ளைகள் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1960-ல் அமெரிக்காவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற சிகையலங்காரக்காரர், அழகுக்கலைப் பத்திரிகை ஒன்று புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்காக 'பீஹைவ்' என்கிற உயரக் கொண்டையை உருவாக்கினார். அவர்கள் வைத்த பெயர் தேன்கூடு. நாம் வைத்தது குருவிக்கூடு, பார்வையைப் பாருங்கள்! சில வருஷத்தில் அது கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் காஞ்சனா, ராஜஸ்ரீ தலைகளையும் 1966-ல் வந்த 'அன்பே வா'வில் சரோஜாதேவி தலையையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கும் பெரியம்மாக்களின் பழைய ஸ்டூடியோ போட்டோக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

"கெடுதல் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

முடி ஒவ்வொன்றின் மேலும் செதில் செதிலாக ஒரு உறை உண்டு. நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் வழக்கமாகச் சீவும்போது சீப்பு அந்தச் சரிவோடு போகிறது. எதிர்ச்சீவலில் சீப்பு நுனிப் பக்கமிருந்து வேருக்குப் போகிறது. ஓடுகள் தூக்கிக்கொள்கின்றன, முடிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்குதான் உப்பல். மெத்தைக்குள் பஞ்சு மாதிரி அடியில் நின்று மேலே இருக்கும் முடியைத் தூக்கிப் பிடிக்கிறது. ஓடு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். தலைக்கு வெளியே இருக்கிற முடி உயிரில்லாத பொருள், காயம்பட்டால் தானே ஆறாது. தினமும் செய்தால் முரடாகும், நுனி பிளக்கும், நடுவில் ஒடியும்.

ஆனால் வேர் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. எதிர்ச்சீவலால் வேர் சாவதில்லை. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் என்று புதுமுடி வந்துகொண்டேதான் இருக்கும். வங்கியில் குப்பை கொட்டுகிறவள், அதனால் எனக்கு இப்படித்தான் சொல்ல வரும்: இது ஒருநாள் ஓவர்டிராஃப்ட். சொந்தக் கணக்கில், சொந்த ஜாமீனில், மாலையில் எடுத்து இரவில் கட்டிவிடுகிற கடன். வட்டி கொஞ்சம் உண்டு. வருஷத்தில் ஏழெட்டு விசேஷத்துக்கு எடுத்தால் ஒன்றும் ஆகாது. தினம் காலையில் ஆபீஸ் போக எடுத்தால் முதலில் கைவைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதைவிட மோசமான கடன்களை எல்லாம் நாம் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் எண்ணெய். ஊருக்குப் போனதும் வாசலிலேயே ஆரம்பித்துவிடும். "ஏனம்மிணி, முடியெல்லாம் எங்க போச்சு? அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலயா? ஷாம்பூவப் போட்டுப் போட்டுக் கெடுத்துட்ட." திரும்பி வரும்போது பெட்டியில் மூன்று கிலோ எண்ணெய் பாட்டில். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சியது, செம்பருத்தி போட்டது, பெயரே தெரியாத வேர் மிதப்பது. பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயால் முடியின் எண்ணிக்கை கூடாது. 2003-ல் ஆர்த்தி ரெலே, ஆர்.பி.மோஹிலே என்ற இருவர் செய்த ஆராய்ச்சி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்தது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்று கண்டார்கள். நல்ல விஷயம். இருக்கிற முடியை அது காக்கிறது. இல்லாத முடியை முளைக்கவைக்கும் என்று அவர்கள்கூடச் சொல்லவில்லை.

காமர்ஸ் படித்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சின்ன பாட்டிலில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்று சேலம் கலால் ஆணையர் ஒரு பக்கமும் கம்பெனிகள் மறுபக்கமுமாக ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2018-ல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு. கடைசியில் 2024 டிசம்பர் 18-ல் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள்: தலைக்கு என்று லேபிளில் போட்டு விற்காதவரை, சின்ன பாட்டிலானாலும் அது சமையல் எண்ணெய்தான். சண்டை எதற்கு? அப்போது ஜி.எஸ்.டி.யில் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கும் 5 ஆகிவிட்டது.) வரிக் கணக்கில் தாளிக்கிற எண்ணெய், நம் வீட்டுப் பரணில் மட்டும் சஞ்சீவி!

இதில் உண்மையான ஆபத்து வேறு. யாருக்கும் தினம் 50 முதல் 100 முடி உதிரும், ஒரு லட்சம் முடி இருக்கிற தலையில் அது சில்லறை. வாரத்துக்கு ஒருநாள் குளித்தால் ஏழு நாள் சில்லறையும் ஒன்றாக வந்து அம்மாவைப் பயமுறுத்தும். ஆனால் திடீரென்று கொத்துக் கொத்தாகப் போனால், வகிடு அகலமானால், அது வேறு. பிரசவமோ கடும் காய்ச்சலோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டும், பிறகு பெரும்பாலும் திரும்பி வரும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு என்றால் இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். டாக்டரிடம் கூட்டிப்போகாமல் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிய குடும்பங்கள் இங்கே என் பழக்கத்திலேயே உண்டு. கனடாவில் அந்தப் பரிசோதனையை எழுதித்தர உங்கள் குடும்ப டாக்டரே போதும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன். திருமலையில் கல்யாண கட்டாவில் நாம் இறக்கிவிட்டு வருகிற முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பழனி முடியும் ஏலம் போகிறதுதான். வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும்படி வெட்டிக் கட்டிய முடிக்கு 'ரெமி' என்று பெயர், விலை அதிகம். காரணம் மேலே சொன்ன அதே ஓடு. எல்லா ஓடும் ஒரே பக்கம் சரிந்திருந்தால் சிக்காது. சீப்பில் வந்த முடியைச் சுருட்டி வைத்துத் தெருவில் வருகிறவரிடம் பாத்திரத்துக்கும் ஊக்குக்கும் போட்டோமே, அது கலப்பு முடி, மலிவு. 2004-ல் ஜெருசலேமில் யோசேப் ஷாலோம் எலியாஷிவ் என்ற மூத்த யூத மதகுரு, இந்தியக் கோயில் முடியில் செய்த விக் ஆகாது என்று சொல்லிவிட, நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அவ்வளவு தூரம் போயிருக்கிறது நம் மொட்டை. இன்றைக்கு இங்கே சலூன் அலமாரியில் 'இந்தியன் ரெமி' என்று பெட்டிக்குள் படுத்திருக்கிறது. நம் தலையில் இருந்தால் எண்ணெய் வழிகிற முடி, பெட்டிக்குள் இருந்தால் பிரீமியம்! அதை நாமே நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி நம் பெண்ணின் தலையில் வைக்கிறோம்.

பெரியவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் இஷ்டம், அவர்கள் கிரெடிட் கார்டு. என் கோபம் பிள்ளைகளுக்காக. ஸ்கார்பரோவில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அலங்காரம் நடக்கிற அறையில், அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "பிள்ளைக்குத் தலைமயிர் காணாது, இன்னும் வையுங்கோ" என்று ஒரு அன்ரி. (ஈழத்துக்காரர்கள் இந்தச் சொல்லைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். எல்லையோரத்துக்காரி எனக்கோ இரண்டு மொழியிலும் அது வசவு. வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும்!) வைத்தார்கள். கொண்டை, அதன்மேல் இன்னொரு கொண்டை, சுருள் கத்தை, பூ, கிரீடம் மாதிரி ஒன்று. ஆறு மணி நேரம். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. போட்டோகிராபர் கையை இறக்கச் சொன்னார். யாரோ டைலனால் கொடுத்தார்கள்.

தலைவலி மறுநாள் போய்விடும். "காணாது" என்ற சொல் போகுமா? தன் வகுப்பில் தலைக்குப் பத்து நிறம் அடித்த பிள்ளைகளோடு படிக்கிற குழந்தை அது. அதுவரை தன் முடியை ஒரு பிரச்னையாக நினைத்தே இருக்காது. அவளைக் கொண்டாடுவதற்கென்றே எடுத்த விழாவில் அவளுக்கு முதன்முதலாகக் கிடைத்த தகவல், அவள் போதவில்லை என்பது. இதைச் சொல்வதற்கு ஒரு ஹால், ஒரு ஹெலிகாப்டர், முந்நூறு பேருக்குச் சாப்பாடு.

உடம்புக்கும் கெடுதல் இதில்தான். இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றியோர முடி வேரோடு போகும். கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக்கிக் கட்டியதால் ஏறிய நெற்றியைப் பற்றி 1907-லேயே எழுதியிருக்கிறார்கள். ஒருநாள் பாரத்தால் வழுக்கை வந்துவிடாது. ஆனால் வாரம் தவறாமல் நடன வகுப்புக்கு இறுக்கிய கொண்டை, மாதம் ஒரு விசேஷம், அதற்கு மேல் ஒட்டிய எக்ஸ்டென்ஷன் என்றால் வரும். நெற்றியோரத்தில் வலி, சின்னச் சின்னச் சிவப்புப் பரு தெரிந்தால் உடனே தளர்த்துங்கள். வருஷக்கணக்கில் இழுத்தபின் போன முடி திரும்பாமலும் போகலாம். எதிர்ச்சீவலில் இந்தப் பாரம் கிடையாது. மெல்லிய முடிக்காரிக்கு இருக்கிற வழிகளில் ஆகக்குறைந்த செலவும் ஆகக்குறைந்த வலியும் அதுதான். அதைப் போய்க் குருவிக்கூடு என்று கேலி செய்து, பிள்ளைகளைச் சவுரிக்கும் பசைக்கும் துரத்துகிறோம்.

கேலி செய்கிறவர்களைத் திருத்த என்னால் ஆகாது. செய்ய நினைக்கிறவர்களுக்கு முறையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். முதல்நாளே தலைக்குக் குளித்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் கூடாது, எண்ணெய்த் தலையில் பஃப் நிற்கவே நிற்காது. ஈரமுடியில் சீப்பைக் கொண்டுபோகவே வேண்டாம். ஈரத்தில் முடி இழுபட்டு ஒடியும். உச்சியில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கற்றை எடுத்து நேராக மேலே தூக்கிப் பிடித்து, நெருக்கப் பல் சீப்பால் வேரை நோக்கிச் சின்னச் சின்னதாக மூன்று நான்கு தள்ளு. வேரிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான், நுனிப்பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் சீப்பை வெளியே எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். முன்னும் பின்னும் அறுத்தால் அதுதான் குருவிக்கூடு. மூன்று கற்றை போதும். மேலாக இருக்கும் முடியைத் தொடாமல் விட்டுவைத்து, கடைசியில் அதை மேலே மூடி மெதுவாக வழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்ப்ரே அடித்தால் ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். குளிர்காலத்தில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் வாஷ்ரூமில் செய்வதுதான் புத்திசாலித்தனம். வீட்டில் செய்துவிட்டுக் கம்பளித் தொப்பி போட்டால் அப்பளம்தான்.

பிரிப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் வேரிலிருந்து கரகரவென்று இழுப்பது, இல்லையென்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே படுப்பது. இரண்டும் வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் அன்றைக்கு இரவே பிரித்துவிடுங்கள். முதலில் விரலால், பிறகு அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள். சிக்கு இறங்காவிட்டால், பெட்டியில் மூன்று கிலோ வந்ததே அந்த ஊர்த் தேங்காய் எண்ணெய், அதற்கு இப்போதுதான் வேலை. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்துச் சிக்கின்மேல் தடவிப் பத்து நிமிஷம் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு அலசிவிட்டுப் படுங்கள். அம்மிச்சி கொடுத்ததாயிற்றே என்று கைநிறைய ஊற்றிவிடாதீர்கள், தலையணை உறையில் போன அந்தக் கறிவேப்பிலைக் கறை எந்த சோப்புக்கும் மசியாது.